ரோமில் ‘கண்காணி’ தியோடோராவின் முன்: ஒரு நாள் திருப்பயணம்

ரோமுக்குப் போகிற நம்மவர்கள் பேதுரு பேராலயம், பவுல் பேராலயம், கொலோசியம் என்று சுற்றிவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். தேர்மினி ரயில் நிலையத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு நிமிட நடையில், சாந்தா மரியா மஜ்ஜோரே பேராலயத்தை ஒட்டிய சந்தில் சாந்தா பிரஸ்ஸேதே ஆலயம் இருக்கிறது. சபையில் பெண்ணுக்கு என்ன இடம் என்று மனதில் கேட்டுக்கொண்டே போகிறவர் முதலில் நிற்க வேண்டியது அங்கேதான்.

பெரிய முகப்பைத் தேடாதீர்கள். சந்துப் பக்கத்துச் சிறு வாசல் வழியாகத்தான் பெரும்பாலும் உள்ளே போக முடியும். நண்பகலில் கதவடைத்துவிட்டு மாலையில்தான் மறுபடி திறப்பார்கள். ஆகவே காலையிலேயே போய்விடுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். கையில் ஒரு தமிழ் வேதாகமம், சட்டைப்பையில் 50 சென்ட், 1 யூரோ நாணயங்கள் நாலைந்து.

நாணயம் காணிக்கைக்கு மட்டுமல்ல, விளக்குக்கும்தான். பீடத்தை நோக்கி நின்றால் வலப்பக்கம் இருக்கும் புனித செனோ சிற்றாலயம் இருட்டானது. பெட்டியில் காசு போட்டால் விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். பலர் தவறவிடுவது இங்கேதான். விளக்கு எரிந்ததும் பொன்னாய் மின்னும் விதானத்தையும், நான்கு தூதர்கள் ஏந்தி நிற்கும் கிறிஸ்துவையும் அண்ணாந்து பார்ப்பார்கள். பார்த்து முடிக்கும்முன் விளக்கு அணையும், அவர்களும் வெளியேறிவிடுவார்கள். முதல் காசை விதானத்துக்குக் கொடுங்கள். இரண்டாவது காசு இடப்பக்கச் சுவரின் கீழ்வளைவுக்கு. அங்கே நான்கு பெண்கள் வரிசையாக இருக்கிறார்கள்: மரியாள், ஆலயத்துக்குப் பெயர் தந்த புனித பிரஸ்ஸேதே, அவர் சகோதரி புதென்ஸியானா, இடது ஓரத்தில் வெள்ளை முக்காட்டோடு தியோடோரா. மற்றவர்களின் ஒளிவட்டம் வட்டமானது, தியோடோராவுக்கு மட்டும் சதுரம். படம் பதிக்கப்பட்டபோது அவர் உயிரோடிருந்தார் என்பதற்கு அது அடையாளம். தலைக்கு மேலே லத்தீனில் ‘எபிஸ்கோபா’ என்று எழுதியிருக்கிறது. பக்கத்தில் மேலிருந்து கீழாக அவர் பெயர். அதன் கடைசி எழுத்துகள் சிதைந்திருக்கின்றன.

எபிஸ்கோபா என்பது பேராயரைக் குறிக்கும் சொல்லின் பெண்பால் வடிவம். நம் பழைய வேதாகமம் அந்தச் சொல்லைத்தான் ‘கண்காணி’ என்று தமிழாக்கியிருக்கிறது. தியோடோரா, இந்த ஆலயத்தைக் கட்டிய போப் முதலாம் பஸ்காலின் (817–824) தாய். போப்பின் தாய் என்பதற்காகக் கொடுத்த மரியாதைப் பட்டம் என்று பலர் சொல்கிறார்கள். பொறுப்பையே குறித்த பட்டம் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. கணவர் வழியாக வந்த பட்டம் என்றால் மட்டும் பொருந்தவில்லை. பஸ்காலின் தந்தை போனோசுஸ் பேராயர் என்று எங்கும் குறிப்பு இல்லை. இந்தச் சுவர் வழக்கைத் தீர்த்துவைப்பதில்லை. ஆனால் ஒரு பெண்ணின் தலைக்கு மேல் அந்தச் சொல்லைப் பதிக்க 9-ஆம் நூற்றாண்டு ரோம் கூசவில்லை என்பதை நம் கண்ணே பார்க்கிறது. தென்னிந்தியத் திருச்சபையில் ஒரு பெண் பேராயராக 2013 வரை, நந்தியால் பேராயத்தில் புஷ்பலலிதா பொறுப்பேற்கும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

வெளியே வருமுன் நடுக்கூடத் தரையில் வட்டமான செந்நிறக் கல்லைப் பாருங்கள். இரத்தசாட்சிகளின் இரத்தத்தைப் பஞ்சால் ஒற்றியெடுத்துப் பிரஸ்ஸேதே சேர்த்துவைத்த கிணறு அதன் கீழே என்பது மரபு. ஐந்து நிமிட நடையில், தெரு மட்டத்துக்குக் கீழே படியிறங்கிப் போகும் சாந்தா புதென்ஸியானா. பேதுரு, பவுலுக்குப் பின்னே கிரீடம் ஏந்திய இரண்டு பெண்களை அதன் பீடச் சுவரில் காணலாம். சகோதரிகள் இருவரும் அவர்களே என்பது மரபு; யூத சபையும் புறஜாதி சபையும் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

பிற்பகலில் சலாரியா சாலை 430-இல் உள்ள பிரிஸ்கில்லா நிலத்தடிக் கல்லறைகள். தேர்மினியிலிருந்து பேருந்தில் கிராத்தி சதுக்கம் வரை போய் நடக்க வேண்டும். திங்கட்கிழமை விடுமுறை. வழிகாட்டியோடுதான் இறங்க முடியும், படமெடுக்கக் கூடாது. கோடையிலும் உள்ளே குளிரும், சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பிரிஸ்கில்லா நிலம் கொடுத்த ரோமப் பெருங்குடிப் பெண். பவுலின் உடன்வேலையாள் என்று நினைத்துக் குழம்ப வேண்டாம். ‘முக்காடிட்ட பெண்’ என்னும் 3-ஆம் நூற்றாண்டு ஓவியம் இங்கே இருக்கிறது. இரு கைகளையும் உயர்த்தி ஜெபிக்கும் அந்தப் பெண்ணின் கண்கள் மேல்நோக்கி இருக்கும். ‘கிரேக்கச் சிற்றாலயம்’ என்னும் அறையின் வளைவில் ஏழு பேர் பந்தியிருந்து அப்பம் பிட்கிறார்கள். ஒருவர் முக்காடிட்ட பெண். மற்றவர்களும் பெண்களா என்பதில் இன்றும் வாதம் உண்டு. வழிகாட்டி ஓரிரு நிமிடமே நிறுத்துவார், ஜெபிக்க நேரம் போதாது.

அதற்கு அவெந்தினோ குன்றின்மேல் இருக்கும் சாந்தா பிரிஸ்கா ஆலயம் ஏற்றது. பவுலின் பிரிஸ்கில்லாள் வாழ்ந்த வீடு அங்கேதான் இருந்தது என்பது பழைய நம்பிக்கை. கூட்டம் குறைவு. உட்கார்ந்து ரோமர் 16-ஐ நிதானமாக வாசியுங்கள். முதல் வசனத்தில் வரும் பெபேயாளை நம் பழைய மொழிபெயர்ப்பு ‘ஊழியக்காரி’ என்கிறது. கிரேக்க மூலத்தில் இருப்பது ‘தியாக்கோனோஸ்’ என்னும் சொல். பிலிப்பியர் 1:1-இல் அதே சொல் ‘உதவிக்காரர்’ என்று சபைப் பொறுப்பாகிறது; 1 கொரிந்தியர் 3:5-இல் பவுலும் அப்பொல்லோவும் ‘ஊழியக்காரர்’ என்பதும் அதே சொல்தான். ஏழாம் வசனத்தில் யூனியா, ‘அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்றவர்கள்’ இருவரில் ஒருவர். பெண்களின் பெயர் வரும் இடங்களில் கொஞ்சம் நிறுத்தி, குழுவில் இருக்கும் பெண்கள் ஒவ்வொருவராக உரக்க வாசிக்கட்டும்.