புகார் எழுதியவரின் பெயர்

டிசம்பர் விடுமுறையில் கம்போடியாவுக்குத் தொண்டூழியம் செய்யச் செல்லவிருக்கும் என் அக்காள் மகள், எதையெல்லாம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டாள். கொசுவலை, மருந்து என்று சொல்லிவிட்டு, ஏற்பாட்டாளர்களிடம் ஒரு கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளச் சொன்னேன்: அங்கே ஒரு தவற்றைக் கண்டு புகார் செய்தால், புகார் செய்தவரின் பெயர் யார் யாருக்குத் தெரியவரும்?

அந்தக் கேள்வியைக் கேட்காமல் சென்றவள் நான். பத்து ஆண்டுகளுக்கு முன், ஒரு கிராமப் பள்ளியில் கணக்குப் புத்தகத்தைச் சரிபார்க்கும் வேலை எனக்குக் கிடைத்தது. மூன்று வெவ்வேறு கடைகளின் பெயரில் இருந்த ரசீதுகள் ஒரே கையெழுத்தில், ஒரே நீல மையில், அடுத்தடுத்த எண்களோடு இருந்தன. அவற்றின்படி வாங்கப்பட்டிருக்க வேண்டிய நோட்டுப் புத்தகங்கள் அலமாரியில் இல்லை. அன்றிரவே சிங்கப்பூரில் இருந்த ஒருங்கிணைப்பாளருக்கு மின்னஞ்சல் எழுதினேன். அவர் அதை அப்படியே உள்ளூர்ப் பொறுப்பாளருக்கு அனுப்பிவிட்டார். மூன்றாம் நாள் காலைச் சாப்பாட்டின்போது, "ரசீதில் கையெழுத்தெல்லாம் பார்ப்பீர்களாமே" என்று அந்த மனிதர் அமைதியாகக் கேட்டார். எங்கள் கடப்பிதழ்கள் அவருடைய மேசை இழுப்பறையில் இருந்தன. நாங்கள் தங்கியதும் அவருடைய வீட்டில்தான். மீதமிருந்த ஒன்பது இரவுகளும் நான் சரியாகத் தூங்கவில்லை.

எனக்கு நேர்ந்தது அச்சம் மட்டுமே. அமெரிக்க அரசின் பீஸ் கோர் அமைப்பின் தொண்டூழியராகப் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் ஆசிரியராக இருந்த 24 வயது கேட் புஸியின் கதை வேறு. தம் பள்ளியில் மாணவியர் பாலியல் கொடுமைக்கு ஆளாவதாக, சக ஆசிரியர் ஒருவர்மீது அவர் புகார் அனுப்பினார். 2009 மார்ச்சில் கொல்லப்பட்டார். பெயரை வெளியிட வேண்டாமென்று அவர் கேட்டிருந்தும் அது கசிந்துவிட்டது என்று குடும்பத்தார் குற்றஞ்சாட்டினர். அவர்களது விடாத போராட்டத்தால் 2011 நவம்பரில் அவர் பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. புகாரளிக்கும் தொண்டூழியரின் அடையாளத்தையும் பாதுகாப்பையும் காக்கும் வழிமுறைகளை அமைப்பே வகுக்க வேண்டும் என்று அது கட்டாயப்படுத்துகிறது. ஓர் உயிர் போனபின் வந்த விதி அது என்பதை எண்ணும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

நம் சிங்கப்பூர்ச் சட்டத்திலும் பாதுகாப்பு அறவே இல்லை என்று சொல்ல முடியாது. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 36ஆம் பிரிவு தகவல் தருபவரின் அடையாளத்தை வெளியிடாமல் காக்கிறது. சிங்கப்பூர்க் குடிமக்கள் வெளிநாட்டில் செய்யும் ஊழலுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். ஆனால் எல்லாத் துறைகளுக்கும் பொதுவாகப் புகாரளிப்போரைக் காக்கும் தனிச் சட்டம் இங்கே இல்லை. ஊழியருக்கு வேலை ஒப்பந்தமாவது இருக்கும். சம்பளம் வாங்காத தொண்டூழியருக்கு அதுவும் கிடையாது. இங்குள்ள தேசியச் சிறுநீரக அறநிறுவனத்தில் நன்கொடைப் பணம் தவறாகப் பயன்படுத்தப்பட்ட விவகாரம் 2005இல் நீதிமன்றத்தில் வெளிச்சத்துக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, அதன் தலைமை நிர்வாகி விமானத்தில் முதல் வகுப்பில் பயணம் செய்வதாகச் சொன்னவர்கள்மீது அவதூறு வழக்குகள் போடப்பட்டன. அவர்கள் மன்னிப்புக் கேட்டு இழப்பீடும் கொடுக்க நேர்ந்தது. சொந்த ஊரிலேயே அந்த நிலை என்றால், மொழி தெரியாத கிராமத்தில் இருப்பவரைப் பற்றி நாம் இன்னும் கூடுதலாகக் கவலைப்பட வேண்டாமா?

என் அக்காள் மகளுக்கு நேற்றுப் பதில் வந்தது. உள்ளூர்ப் பங்காளி அமைப்போடு தொடர்பில்லாத நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவரின் தொலைபேசி எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். கடப்பிதழை அவளே வைத்துக்கொள்ளலாமாம். பெயரை மறைத்து வைப்பது குறித்துக் கலந்து பேசிச் சொல்வதாக எழுதியிருக்கிறார்கள். அந்தப் பதில் வரும்வரை முன்பணம் கட்டப்போவதில்லை என்று அவளே முடிவு செய்திருக்கிறாள்.