புளியங்கொட்டையும் மூன்றாவது ரெய்ஸும்: ஐந்து பேர் போக்கரில் நான்கு மாதப் பழக்கம்

தை, கடைசி வாரம்

மதுரை செல்லூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சனிக்கிழமை ராத்திரி சீட்டுப் போடுவது பல வருடப் பழக்கம். ரொம்ப நாள் ரம்மிதான். இரண்டு வருடமாக டெக்சஸ் ஹோல்டம் போக்கர்: ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. பணம் வைப்பதில்லை. ஆன்லைனில் காசு வைத்து ஆடுவதை மத்திய அரசு 2025 ஆகஸ்டில் சட்டம் போட்டுத் தடுத்தது; அதற்கு முன்பும் எங்கள் ஐந்து பேருக்கும் அந்தப் பக்கம் நாட்டம் இருந்ததில்லை. அம்மா புளி தட்டும்போது எடுத்து வைத்த கொட்டைதான் எங்கள் காசு. ஒரு கொட்டை ஒன்று, ஒரு சோழி பத்து. ஆளுக்கு 200. சீட்டைப் பார்க்கும் முன்பே இரண்டு பேர் முறை வைத்துக் கட்டாயமாகப் போடும் பிளைண்டில், ஸ்மால் பிளைண்ட் 1, பிக் பிளைண்ட் 2.

ஆடுகிறவர்களைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விஷயமே அவர்களைப் பற்றியதுதான் என்று பின்னால் தெரிந்தது. லேத் பட்டறை வைத்திருக்கும் பெரியப்பா மகன், அண்ணன். தபால் துறையில் ஓய்வு பெற்ற தாய்மாமா. நகைக்கடையில் வேலை பார்க்கும் தங்கை வீட்டுக்காரர், மாப்பிள்ளை. இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படிக்கும் சித்தி மகன், தம்பி. அப்புறம் நான்.

இந்த வருடம் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துப் பழகலாம் என்று முடிவு. ஃப்ளாப், அதாவது நடுவில் முதல் மூன்று பொதுச் சீட்டு, விழுவதற்கு முன்பே, ஒருவர் ரெய்ஸ் செய்ததற்கு (பந்தயத்தை ஏற்றியதற்கு) மேல் இன்னொரு ரெய்ஸ் வைப்பது. அதற்கு த்ரீ-பெட் என்று பெயர். பிளைண்ட் முதல் பந்தயம், முதல் ரெய்ஸ் இரண்டாவது, அதன் மேல் வைப்பது மூன்றாவது.

ஏன் இது என்றால், என் ஆட்டத்தில் ரம்மி வாடை போகவே இல்லை. 101 பாயின்ட் ரம்மியில் ஆடாமல் விலகினால், அதாவது ஸ்கூட் அடித்தால், முதலிலேயே என்றால் 20 பாயின்ட், நடுவில் என்றால் 40. கை சரியில்லையா, முதலிலேயே கவிழ்த்துவிட்டுக் காத்திருப்பதுதான் நல்ல ஆட்டம். அதே பொறுமையைப் போக்கருக்கும் கொண்டுவந்துவிட்டேன். ஒன்பது பேர் மேஜையில் பிளைண்ட் மூன்று கொட்டையும் ஒன்பது ஆட்டத்துக்கு ஒருமுறைதான் கையை விட்டுப் போகும். நாங்கள் ஐந்து பேர். ஐந்து ஆட்டத்துக்கு ஒருமுறை மூன்று கொட்டை போய்க்கொண்டே இருக்கும். இரண்டு ஆஸ் வருவது 221 கைக்கு ஒருமுறை. அதற்காகக் காத்திருந்தால் அது வரும்போது முன்னால் கொட்டை இருக்காது.

மாசி

முதல் இரண்டு சனிக்கிழமையும் கண்ணை மூடிக்கொண்டு செய்து பார்த்தேன். யார் ரெய்ஸ் செய்தாலும், கையில் சுமாராக ஏதாவது இருந்தால் மேலே ஏற்று. அண்ணன் 6 வைத்தால் நான் 18. அவர் மூன்று முறை தொடர்ந்து சீட்டை வீசிவிட்டு, "என்னடா இன்னைக்கு உனக்கு மட்டும் இப்படி விழுது?" என்றார். எனக்கு விழுந்திருந்தது ஜாக்கி-6. அந்த ஒரு மணி நேரம் ஆட்டத்தின் கதவு திறந்துவிட்டது போல இருந்தது.

மாமா விஷயத்தில் கதை வேறு. முதல் இடத்திலிருந்து அவர் 6 வைத்தார். பட்டனில், அதாவது ஃப்ளாப்புக்குப் பிறகு கடைசியாகப் பேசும் இடத்தில், இருந்த என் கையில் ராஜா-8, இரண்டும் வேறு வேறு சின்னம். 18 வைத்தேன். "இருக்கட்டும் மருமகனே, என்னதான் வச்சிருக்கன்னு பார்த்துட்டுப் போறேன்" என்று அவரும் 18-க்குச் சமமாகப் போட்டார், அதாவது கால். நடுவில் 39. ஃப்ளாப் ராணி, 7, 3. நான் 25, அவர் கால். அடுத்த சீட்டு 2. நான் 60, அவர் கால். கடைசி சீட்டு இன்னொரு 7. மிச்சம் இருந்த 97-ஐயும் தள்ளினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு கால் சொன்னார். அவரிடம் 9 ஜோடி. என் 200-ம் ஒரே ஆட்டத்தில் போனது. அடுத்த வாரம் கிட்டத்தட்ட இதே மாதிரி இன்னொரு 200, அதுவும் அவரிடமே.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மாடியிலேயே உட்கார்ந்து தம்பியோடு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அண்ணன் 6 வைத்திருக்கிறார், பிளைண்ட் 3, ஆக நடுவில் 9. அதைப் பிடிக்க நான் 18 வைக்கிறேன். கையில் ஒன்றுமில்லாமல், கால் வந்தால் தோல்விதான் என்று வைத்துக்கொண்டால், 27-க்கு 18. அதாவது மூன்று தடவையில் இரண்டு தடவை எல்லோரும் கவிழ்த்தால்தான் எனக்கு நட்டமில்லை. அதற்கு மேல் கவிழ்ப்பதெல்லாம் லாபம்.

எதிராளி பக்கமிருந்தும் பார்த்தோம். அவர் இன்னும் 12 போட்டால் போதும், நடுவில் 27 கிடக்கிறது. 39-க்கு 12, நூற்றுக்கு 31. ஃப்ளாப் பார்க்க அவருக்கு அது அப்படியொன்றும் மோசமான விலை இல்லை. மாமாவை நான் முட்டாள்தனமாக கால் போடுகிறவர் என்று நினைத்திருந்தேன். அவர் கேட்ட விலை சரியாகத்தான் இருந்திருக்கிறது.

பங்குனி

புளி சீசன். வீட்டில் புதுக் கொட்டை நிறையச் சேர்ந்தது, பழையதை மாற்றிவிட்டோம். ஒரு நாற்பது பக்க நோட்டும் வாங்கினேன். ஒரே கேள்விக்குத்தான் அந்த நோட்டு: ரெய்ஸ் செய்த ஆள், தன் மேல் இன்னொரு ரெய்ஸ் வந்தால் என்ன செய்கிறார்? யார் வைத்த த்ரீ-பெட்டாக இருந்தாலும் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். ஐந்து சனிக்கிழமை முடிந்தபோது இருந்த கணக்கு: அண்ணன் 31 தடவை மாட்டினார், 24 தடவை கவிழ்த்தார். மாமா 14 தடவையில் 3. தம்பி 17-ல் 9 கவிழ்த்தான், 4 தடவை திருப்பி ஏற்றினான். மாப்பிள்ளை 9-ல் 5. அவரைப் பற்றி ஏதாவது சொல்ல அது போதாது.

ஐந்து வாரக் கோடு பெரிய ஆதாரம் இல்லைதான். ஆனால் அண்ணனுக்கும் மாமாவுக்கும் நடுவே இருக்கும் தூரம் தற்செயலாக வந்திருக்காது. மாசியில் நான் இரண்டு பேரிடமும் ஒரே ஆட்டம் ஆடியிருக்கிறேன். தப்பு சீட்டில் இல்லை, அதில்தான் இருந்தது.

அண்ணன் ஏன் இப்படிக் கவிழ்க்கிறார் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 52 சீட்டில் இரண்டு சீட்டுக் கை மொத்தம் 1326 விதம். அண்ணன் தாராளமானவர், நூற்றுக்கு 40 கைக்காவது 6 வைத்துவிடுவார். அது கிட்டத்தட்ட 530 விதம். என் 18-க்கு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கவிழ்க்கக் கூடாது என்றால், அவர் 177 விதமாவது கையில் பிடித்து நிற்க வேண்டும். எண்ணிப் பாருங்கள்: 2 ஜோடியிலிருந்து ஆஸ் ஜோடி வரை எல்லா ஜோடியும் சேர்ந்து 78. ஆஸோடு ராஜா, ராணி, ஜாக்கி, 10 சேர்ந்தது 64. ராஜா-ராணி 16, ராஜா-ஜாக்கி 16. மொத்தம் 174. இவ்வளவையும் பிடித்தாலும் மூன்று குறைகிறது! சும்மா ஆடும் ஒருவர் 4 ஜோடியோடும் ஆஸ்-10-ஓடும் த்ரீ-பெட்டை எதிர்த்து நிற்பாரா? மாட்டார். நிறையத் திறக்கிற, அதாவது நிறையக் கைக்கு முதல் ரெய்ஸ் வைக்கிற ஆள் நிறையக் கவிழ்த்துத்தான் ஆக வேண்டும். அதனால்தான் ஆள் குறைந்த மேஜையில் இந்த ஆட்டத்துக்கு இவ்வளவு பலம். அங்கே எல்லோருமே அகலமாகத்தான் திறப்பார்கள்.

சரி, எந்தக் கையை வைத்துப் பொய் சொல்வது? ஜாக்கி-6 வேண்டாம் என்று இப்போது தெரியும். ஆஸ்-5, ஆஸ்-4, ஆஸ்-3, ஆஸ்-2, அதுவும் இரண்டும் ஒரே சின்னமாக இருந்தால் மட்டும். காரணம் எனக்கு ரொம்பப் பிடித்த காரணம். என் கையில் ஒரு ஆஸ் இருந்தால் எதிராளிக்கு ஆஸ் ஜோடி வரும் வழி ஆறிலிருந்து மூன்றாகிவிடும். ஆஸ்-ராஜா 16-லிருந்து 12. எந்தக் கைகள் என்னைத் திருப்பி அடிக்குமோ, அவற்றில் ஒரு பங்கை நானே பிடித்து வைத்திருக்கிறேன். கால் வந்தாலும் அநாதை இல்லை. ஐந்தும் ஒரே சின்னமாக ஃப்ளஷ் வரலாம், ஆஸ்-2-3-4-5 சேரலாம். ராஜா ஜோடிக்கு எதிராகக்கூட மூன்றில் ஒரு தடவை கிட்ட ஜெயிக்கும். ஆஸ்-10 போன்ற கையை இதற்குப் பயன்படுத்துவதில்லை. அது கால் போட்டு ஃப்ளாப் பார்க்கத் தகுந்த கை, அதைப் பொய்க்குச் செலவழிப்பது வீண்.

நோட்டில் எழுதி வைத்த பட்டியல்: நிஜக் கைகள் 10 ஜோடியிலிருந்து ஆஸ் ஜோடி வரை, ஆஸ்-ராஜா, ஒரே சின்ன ஆஸ்-ராணி. மொத்தம் 50 விதம். பொய்க் கைகள் மேலே சொன்ன நாலும், 16 விதம். இரண்டும் சேர்ந்து நூற்றுக்கு ஐந்து கைதான். மாசியில் நான் எத்தனை கைக்கு ஏற்றியிருப்பேன் என்று நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

இது அண்ணனுக்கு. மாமாவுக்குப் பொய்யே கிடையாது. அவர் கவிழ்க்க மாட்டார் என்றால் கவிழ்ப்பை நம்பி எதற்கு ஆட வேண்டும்? பொய்க் கைகளை எல்லாம் எடுத்துவிட்டு, அவர் கால் போடும் கைகளைவிட ஒரு படி மேலான கைகளைச் சேர்த்தேன்: ஆஸ்-ராணி, ஆஸ்-ஜாக்கி, ராஜா-ராணி, எந்தச் சின்னமானாலும் சரி. 94 விதம், நூற்றுக்கு ஏழு. அளவையும் 18-லிருந்து 22 ஆக்கினேன். கால் போடப் பிரியப்படுகிறவரிடம் விலையை ஏற்றித்தான் விற்க வேண்டும்.

சீக்கிரமே பலன் தெரிந்தது. மாமா 6, நான் ராஜா-ராணியோடு 22, மாமா கால். நடுவில் 47, ஆளுக்கு 178 மிச்சம், அதாவது நாலு மடங்குகூட இல்லை. ஃப்ளாப் ராஜா, 8, 4. சாதாரணமாக 6-க்கு கால் மட்டும் போட்டிருந்தால் நடுவில் 15-தான் இருந்திருக்கும், பின்னால் 194, பதின்மூன்று மடங்கு; ஒரு ஜோடியை வைத்துக்கொண்டு அத்தனையும் உள்ளே தள்ள எனக்கு தைரியம் வந்திருக்காது. இங்கே ஃப்ளாப்பில் 30, அடுத்து 70, கடைசியில் 78, எல்லாம் இயல்பாகவே உள்ளே போய்விட்டது. மாமாவிடம் ராஜா-10. "ராணியா வச்சிருந்த? நல்லா ஆடுன மருமகனே" என்று கொட்டையை இரண்டு கையாலும் அள்ளித் தந்தார். அந்தப் பாராட்டை மறக்க மாட்டேன்.

சித்திரை

அழகர் ஆற்றில் இறங்கும் வாரம் செல்லூரில் சீட்டைப் பற்றி யாரும் பேச முடியாது. வைகை பக்கத்திலேயே. மாடி முழுக்கச் சொந்தக்காரர்கள் படுத்திருந்தார்கள். இரண்டு சனிக்கிழமை ஆட்டம் இல்லை.

அந்த இடைவெளியில் தம்பி ப்ளூரிபஸ் பற்றிச் சொன்னான். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் நோம் பிரவுனும் துவோமாஸ் சாண்ட்ஹோமும் உருவாக்கிய நிரல். ஆறு பேர் ஆடும் நோ-லிமிட் ஹோல்டமில் தேர்ந்த ஆட்டக்காரர்களை 2019-ல் ஜெயித்தது. மனிதர்கள் ஆடியதைப் பார்த்துப் படிக்காமல், தன்னோடு தானே ஆடிக் கற்றுக்கொண்டது அது. ஸ்மால் பிளைண்டைத் தவிர வேறு எந்த இடத்திலிருந்தும் வெறுமனே 2 போட்டு உள்ளே வருவது நல்லதில்லை என்ற பழைய கருத்துக்கு அதன் ஆட்டமும் வந்து சேர்ந்திருக்கிறது. மாமாவிடம் சொன்னோம். அவர் இன்னும் 2 போட்டுத்தான் வருகிறார்.

ஆட்டம் மறுபடி தொடங்கியபோது அண்ணன் மாறியிருந்தார். முன்பு போல எல்லாவற்றுக்கும் 6 வைப்பதில்லை, பொறுக்கி எடுத்து வைக்கிறார். அவர் நூற்றுக்குப் பத்து கைக்கு மட்டும் திறந்தால் என் ஆஸ்-5-க்கு அங்கே வேலையே இல்லை. எனவே அவர் பெயருக்கு எதிரே பழைய கோடுகளை அடித்துவிட்டுப் புதிதாக எண்ணத் தொடங்கினேன்.

தம்பிதான் கஷ்டம். என் 18-க்கு மேல் 45 வைக்கத் தொடங்கினான். ஃபோர்-பெட். அவன் கணக்கு எனக்குத் தெரியும், இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து போட்டதுதானே. ஏற்கனவே வைத்த 6 போக இன்னும் 39 போடுகிறான், நடுவில் 27 கிடக்கிறது. 66-க்கு 39, நூற்றுக்கு 59 தடவை நான் கவிழ்த்தால் அவனுக்கு எந்தக் கையும் வேண்டியதில்லை. மாசியில் நான் ஆடிய ஆட்டத்துக்கு இப்படி வைத்திருந்தால் முழுக்க வாரிக்கொண்டு போயிருப்பான். இப்போது என் 66 விதத்தில் பொய் 16-தான். அதைக் கவிழ்த்துவிட்டு மிச்சத்தைப் பிடித்து நின்றால் அவனால் ஒன்றும் செய்ய முடியாது. பட்டியல் வைத்து ஆடுவதன் அருமை அன்றுதான் முழுசாகப் புரிந்தது.

ஆனால் 10 ஜோடியோடு 45-ஐப் பார்க்கும்போது கை கூசுகிறது. ஒரு தடவை ஜாக்கி ஜோடியைக்கூடக் கவிழ்த்துவிட்டேன். அவன் ஆஸ்-3-ஐத் திருப்பிக் காட்டினான். என் பாடத்தை என் மேலேயே பிரயோகித்திருக்கிறான். கோபம் வரவில்லை, சந்தோஷமாகவே இருந்தது.

வைகாசி, முதல் வாரம்

இப்போது மாட்டியிருக்கும் இடம் பிளைண்ட். இதுவரை எழுதியதெல்லாம் பெரும்பாலும் பட்டனில் இருந்து, கடைசியாகப் பேசும் வசதியோடு செய்தது. பிக் பிளைண்டில் இருந்து ஏற்றினால் ஃப்ளாப்புக்குப் பிறகு எதிராளியைவிட நான் முதலில் பேச வேண்டும். அதை ஈடுகட்ட 18 போதாது, 24 வைக்கிறேன். என் 2 ஏற்கனவே உள்ளே இருப்பதால் 22 போட்டு 9-ஐப் பிடிக்கப் பார்க்கிறேன். நூற்றுக்கு 71 கவிழ்ப்பு வேண்டும். போன சனிக்கிழமை மாப்பிள்ளைக்கு எதிராக ஆஸ்-4-ஓடு இப்படி இரண்டு தடவை வைத்தேன், இரண்டுக்கும் கால் போட்டார். ஒன்றில் ஃப்ளாப்பிலேயே விட்டுவிட்டேன். இன்னொன்றில் 4 ஜோடி விழுந்தும் என்ன செய்வதென்று தெரியாமல் பந்தயம் வைக்காமல் செக் செய்துகொண்டே போய் 24-ஐ இழந்தேன்.

அவர் பெயருக்கு எதிரே இப்போது 16 கோடு இருக்கிறது, கவிழ்ப்பு 8. நோட்டில் ஒவ்வொருவர் பெயரையும் இரண்டாகப் பிரித்துவிட்டேன்: நான் பட்டனில் இருக்கும்போது, நான் பிளைண்டில் இருக்கும்போது. மாப்பிள்ளை பக்கத்தில் பிளைண்ட் கட்டம் நிரம்பும் வரை அவருக்கு எதிராக அங்கிருந்து ஆஸ்-4 வைப்பதில்லை. இந்தச் சனிக்கிழமை அவருக்கு ராத்திரி கடையில் ஸ்டாக் எடுப்பு, வர முடியாதாம். நாலு பேர்தான் ஆடப் போகிறோம், பிளைண்ட் இன்னும் சீக்கிரம் சுற்றி வரும்.