இருக்கலாம் சார்

"ஊசி மூச்சுக்குழாய்க்கு மாறிப் போயிருக்குமா அம்மா?" என்று ஆய்வு வழிகாட்டி கேட்டார். "இருக்கலாம் சார்" என்றேன். உரையாடல் அவ்வளவுதான்.

வெட்டுக்காயப் பூண்டின் எத்தனால் சாறு அது. காயத்தில் தடவிப் பார்ப்பதற்கு முன் ஓ.இ.சி.டி. என்ற சர்வதேச அமைப்பின் 423-ஆம் வழிமுறைப்படி வாய்வழி நச்சுத்தன்மைச் சோதனை. கிலோ எடைக்கு 2000 மி.கி., மூன்று பெண் எலிகள், 14 நாள் கவனிப்பு. 180 கிராம் எலிக்கு 360 மி.கி. சாறு, கரைசலே கரும்பச்சைக் கூழாக இருக்கும். வாலில் பிக்ரிக் அமிலத்தால் மஞ்சள் குறியிட்ட மூன்றாவது எலி புகட்டும்போது ஒருமுறை திமிறியது. வாய்வழியே இரைப்பைக்குள் சாற்றைச் செலுத்தும் மழுங்கிய ஊசி அது; வெளியே எடுத்து மறுபடி இறக்கினேன். தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. எலி திணறவில்லை, மூக்கில் நுரை வரவில்லை. முதல் நான்கு மணி நேரம் கூண்டருகிலேயே இருந்தேன். மறுநாள் காலை அது விறைத்துக் கிடந்தது.

அறுத்துப் பார்த்தபோது நுரையீரலில் சாற்றின் பச்சையைத்தான் தேடினேன். பச்சை இல்லை. வலது பக்க ஓரத்தில் சிவந்த திட்டு ஒன்று இருந்தது. உயிர் போனபின் ஒருக்களித்துக் கிடந்தாலே இரத்தம் கீழ்ப்பக்கம் தங்கி அப்படித் திட்டாகும். அப்போதுதான் வழிகாட்டி அந்தக் கேள்வியைக் கேட்டார்.

புகட்டும்போது நேர்ந்த தவறால் இறந்த விலங்கைச் சாற்றின் கணக்கில் சேர்ப்பதில்லை. வேறோர் எலிக்குக் கொடுத்தோம், பிழைத்தது. "2000 மி.கி. வரை இறப்பு இல்லை" என்று ஆய்வேட்டில் எழுதினோம். இத்தனைக்கும் அந்த இறப்பைச் சேர்த்திருந்தாலும் பெரிதாக எதுவும் மாறியிருக்காது. மூன்றில் ஒன்று இறந்தாலும் அதே அளவில் இன்னும் மூன்று எலிகளுக்குக் கொடுக்கச் சொல்கிறது வழிமுறை. அதிலும் ஒன்றுக்கு மேல் சாகாவிட்டால் சாறு அதே பாதுகாப்பான வரிசையில்தான் நிற்கும். இதைச் சொல்லி மனதைத் தேற்றிக்கொள்வேன். உடனே, மாறாது என்றால் எழுதியிருக்கலாமே என்றும் தோன்றும்.

என் கை அன்று பழகிய கை அல்ல, தவறியிருக்கலாம்; நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் பழியை நானே ஏற்றுக்கொண்டதால் அது நேர்மையாகத் தெரிந்தது. செடியைச் சந்தேகிப்பதைவிட என்னைச் சந்தேகிப்பது அன்று எல்லாருக்கும் எளிதாக இருந்தது, எனக்கும். சிறுவயதில் முழங்கால் சிராய்ப்பில் பாட்டி பிழிந்துவிட்ட இலை அது. அது கொல்லும் என்று நினைக்க எனக்கு மனமில்லை.

காயம் ஆற்றும் சோதனையில் சாறு நன்றாகவே வேலை செய்தது. கண்ணாடித்தாளில் புண்ணின் விளிம்பை வரைந்து, வரைபடத்தாளில் வைத்து மில்லிமீட்டர் கட்டங்களை எண்ணுவோம். விளிம்பில் பாதி வெட்டுப்பட்ட கட்டங்களைக்கூட விடாமல் எண்ணினேன். எலித் தோலுக்கடியில் உள்ள மெல்லிய தசை புண்ணை இழுத்து மூடிவிடும், மனிதத் தோல் அப்படி ஆறுவதில்லை என்பதையும் ஒரு பத்தி எழுதினேன். அரைக் கட்டத்துக்கு அவ்வளவு கவனம் கொடுத்தவள் ஓர் எலியை ஒரு சொல்லில் விட்டுவிட்டேன்.

14-ஆம் நாள் மற்ற எலிகளின் கல்லீரலும் சிறுநீரகமும் திசுப் பரிசோதனைக்குப் போயின. வால் குறி எலியின் நுரையீரலை யாரும் அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் ஊசியா சாறா என்பது ஒருவேளை தெரிந்திருக்கும். அன்று திசுவைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் குப்பி என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.