பால் குடித்த பிள்ளையாரும் நாம் கேட்க வேண்டிய கேள்வியும்

1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் சிலைகள் பால் குடித்ததாகப் பரவிய செய்தியை இன்றும் மனமார நம்புகிறவர்கள் என் உறவினரிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் "மூடநம்பிக்கை" என்று சொல்லித் தொடங்கினால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும்.

அவர்கள் கண்டதைக் கண்டதாகவே முதலில் ஏற்க வேண்டும். கரண்டியில் பால் குறைந்தது உண்மைதான். கரண்டியைச் சற்றே சாய்த்துத் துதிக்கையில் தொட்டுப் பிடித்தால், பரப்பு இழுவிசையால் பால் சிலையைப் பற்றிக்கொண்டு, எளிதில் கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய படலமாக அதன் முன்புறத்தில் வழிந்துவிடும். அரசு அறிவியலாளர்கள் பாலில் நிறம் கலந்து அந்தத் தடத்தை அப்போதே காட்டினார்கள். "அத்தை, பாலில் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடர் போட்டு நீங்களே ஊட்டிப் பாருங்களேன்" என்று கேட்பதே எனக்குச் சரியான வழியாகப் படுகிறது. ஏனெனில் கரண்டி அவர் கையில் இருக்கும்வரை, முடிவும் அவருடையதாகவே இருக்கும்.

கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னிலையிலோ, துக்கத்தில் இருப்பவரிடமோ இதை எடுக்கவே கூடாது. பொதுவெளியில் பேசுவோருக்குச் சட்டச் சிக்கலும் உண்டு: 2012இல் மும்பைத் தேவாலயம் ஒன்றின் சிலுவைச் சிலையிலிருந்து சொட்டிய நீர் அற்புதமல்ல, வடிகால் கசிவே என்று விளக்கிய பகுத்தறிவாளர் சனல் எடமருகு, மத உணர்வைப் புண்படுத்தியதாகப் புகார்கள் எழுந்தபின் பின்லாந்துக்குச் சென்றுவிட்டார்.

கடவுள் உண்டா இல்லையா என்ற கேள்வியை அத்தையிடம் நான் எழுப்புவதில்லை. எங்கள் பேச்சு அந்தப் பால் எங்கே போனது என்பதைப் பற்றி மட்டுமே.