மைசூர் ஜாவா: பெயிண்டுக்கு முன்னால் கிராங்க்

பழைய ஜாவா மோட்டார் சைக்கிள் கையில் கிடைத்ததும் பலரும் முதலில் ஓடுவது பெயிண்டரிடமும் குரோம் பட்டறைக்கும்தான். நான் அந்த வேலையைக் கடைசிக்குத் தள்ளினேன். என் 1968 மாடல் 250 சிசி ஜாவா இன்று சிரமமில்லாமல் ஸ்டார்ட் ஆகி சீராக ஓடுவதற்கு அதுதான் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

மைசூரில் ஐடியல் ஜாவா 1961-ல் உற்பத்தியைத் தொடங்கி 1996-ல் மூடியது. எழுபதுகளிலேயே வண்டியின் பெயர் யெஸ்டி ஆகிவிட்டதால், டேங்கில் ஜாவா முத்திரையோடு ஒரிஜினல் பாகங்கள் குறையாமல் இருக்கிற வண்டி இப்போது அரிது. எனக்கு வந்தது பல வருடம் மழைச்சாரலில் நின்றது, கிக்கர் அசையவே இல்லை. ஆனால் இன்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் ஆர்.சி.யில் இருந்ததோடு அப்படியே ஒத்துப்போயின. இல்லையென்றால் எவ்வளவு அழகான வண்டியானாலும் தொட்டிருக்க மாட்டேன்.

பிரிக்கும்போது ஒவ்வொரு கட்டத்தையும் போட்டோ எடுத்து, போல்ட்டுகளைத் தனித்தனி கவரில் போட்டு எழுதி வைத்தேன். இந்த வண்டியில் கிக்கரும் கியர் லீவரும் ஒரே தண்டுதான், கியர் மாற்றும்போது கிளட்சும் அதனோடு தானாக விலகும். அந்த அமைப்பில் ஒரு வாஷர் இடம் மாறினாலும் அப்புறம் நிம்மதி இருக்காது.

உண்மையான வேலை கிராங்கில்தான், அதாவது பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டில். இந்த டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இருக்கும் பெட்டியான கிராங்க் கேஸே ஒரு பம்ப்: பிஸ்டன் மேலே போகும்போது பெட்ரோல்-காற்றுக் கலவையை உள்ளே இழுக்கும், கீழே வரும்போது அழுத்தி சிலிண்டருக்குத் தள்ளும். அதனால் கிராங்கின் இரண்டு பக்க ஆயில் சீலும் உயிர்நாடி. டைனமோ பக்க சீல் போனால் காற்று புகுந்து கலவை நீர்த்துப்போய் இன்ஜின் சூடேறி ஜாம் ஆகும், கிளட்ச் பக்கம் போனால் கியர் ஆயிலை உறிஞ்சிப் புகை கக்கும். கார்பரேட்டரைத் திருகித் திருகிச் சலித்துப்போகிறவர்கள் பலருக்கும் கோளாறு இந்த சீலில்தான் இருக்கும். கனெக்டிங் ராடு, பேரிங், சீல் எல்லாம் மாற்றி, கிராங்கை அலைன்மென்ட் பார்த்த பிறகே மூடினேன்.

சிலிண்டரை போர் செய்ய, அதாவது தேய்ந்த உள்சுவரைக் கடைந்து சீராக்க, கொடுத்தபோது, பிஸ்டனை முதலில் வாங்கிக் கையில் கொடுத்து, அதற்கேற்ற இடைவெளி வைக்கச் சொன்னேன். அது முடிந்ததும் சிலிண்டர் சுவரில் உள்ள துளைகளான போர்ட்டுகளின் கூரான ஓரங்களை மழுக்கியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் பிஸ்டன் ரிங் அதில் மாட்டி உடையும். இதைக் கேட்டு வாங்குங்கள், அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

டேங்க் உள்ளே முழுக்கத் துரு. ஆசிட் ஊற்ற மனம் வரவில்லை. சலவைச் சோடா கரைத்த தண்ணீர், நடுவில் டேங்கில் படாமல் ஓர் இரும்புக் கம்பி, பேட்டரி சார்ஜரின் பாசிட்டிவ் முனை அந்தக் கம்பியில், நெகட்டிவ் முனை டேங்கில். துரு மெல்ல விட்டது. ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் திறந்த வெளியில்தான் செய்யவேண்டும், எவர்சில்வர் கம்பி மட்டும் கூடவே கூடாது, அதிலிருந்து நச்சான குரோமியம் கரையும்.

மின்சாரம் 6 வோல்ட். இவ்வளவு குறைந்த வோல்டேஜில் சின்ன எர்த் கோளாறும் ஹெட்லைட்டை மங்கவைத்துவிடும். புதுப் பெயிண்ட் அடித்த பிறகு எர்த் பிடிக்கும் இடங்களைச் சுரண்டி வெறும் இரும்பு தெரிய வைத்ததும் வெளிச்சம் சரியாக வந்தது. தீப்பொறிக்கான மின்சாரத்தைத் துண்டித்து விடும் பிளாட்டினம் பாயிண்ட்டைத் தீட்டி 0.4 மி.மீ. இடைவெளி வைத்தேன். எலக்ட்ரானிக் இக்னிஷன் போடலாமே என்றார்கள், எனக்கு உடன்பாடில்லை.

பெயிண்ட், குரோம், டேங்க் கோடுகள் எல்லாம் அதன் பிறகுதான். டேங்கின் பக்கவாட்டில் முழங்கால் படும் ரப்பர் முட்டிப் பேட் பழையதையே கழுவி ஒட்டினேன். சந்தையில் டூப்ளிகேட் தாராளமாகக் கிடைக்கிறது, ஆனால் காப்பாற்றக் கூடிய ஒரிஜினலைத் தூக்கிப்போடுவதில் எனக்குச் சம்மதமே இல்லை.

50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் வின்டேஜ் பதிவு விதி வந்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், ‘விஏ’ வரிசை எண். ஏற்கனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்க முடியும், தினசரி ஓட்ட முடியாது. ஓட்டத்தான் இவ்வளவும் செய்தேன் என்பதால் நான் அந்தப் பக்கம் போகாமல் சாதாரணப் பதிவையே புதுப்பித்தேன்.

இப்போது ரன்னிங்-இன் நடக்கிறது, அதாவது புதுப் பாகங்கள் படியும்வரை நிதானமாக ஓட்டுவது. லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி டூ-டி ஆயில் (டூ ஸ்ட்ரோக்குக்கானது). நீண்ட இறக்கத்தில் திராட்டிலை முழுக்க மூடி இறங்குவதில்லை, பெட்ரோலோடுதான் ஆயிலும் வருகிறது, அதை மூடினால் பிஸ்டன் வறண்டுவிடும்.