டேமர் ஆற்றங்கரையில் முகமில்லாத கடிகாரம்

இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள பிளிமத்தில் கன்னிஸ்லேக் போகும் சின்ன ரயிலில் ஏறினால் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே கால்ஸ்டாக் வந்துவிடும். வழியில் பியர் ஆல்ஸ்டனில் ரயில் திசை மாறுகிறது; ஓட்டுநர் இறங்கி, பெட்டியின் மறுமுனைக்கு நடந்துபோய் அங்கிருந்து ஓட்டுகிறார். அப்புறம் டேமர் ஆற்றைக் கடக்கும் 12 வளைவுப் பாலம். 1908இல் திறந்தது. இந்தப் பக்கம் டெவன், அந்தப் பக்கம் கார்ன்வால். நான் போன காலையில், கடல்நீர் உள்ளே ஏறிவரும் கடலேற்றத்தில், ஆறு கரை தொட்டு நின்றது.

நான் பார்க்க வந்தது கொட்டீல் மாளிகையையும், அதற்குள் இருக்கும் முகமில்லாத ஒரு பழைய கடிகாரத்தையும். எழுத்துக் கூட்டிப் படித்தால் கொட்டேஹேலே என்றுதான் வரும், ஆனால் அந்த ஊரில் கேட்டால் கொட்டீல் என்பார்கள். காரில் போவதைவிட கால்ஸ்டாக்கிலிருந்து காட்டுவழியே நடந்து போவதுதான் சரி. ஏனென்றால் மாளிகைக்கு முன்னால் அதன் கதை தொடங்கிய இடம் வருகிறது. ஆற்றுக்கு மேலே செங்குத்தான பாறை, அதன் விளிம்பில் ஒரு சின்னஞ்சிறு சிற்றாலயம்.

1483. மூன்றாம் ரிச்சர்ட் மன்னருக்கு எதிராகக் கிளம்பிய கலகத்தில் சேர்ந்தவர் இந்த மாளிகையின் சொந்தக்காரர் ரிச்சர்ட் எட்ஜ்கம். அரசர் பக்கத்து ஆளான சர் ஹென்றி பொட்ரிகனின் ஆட்கள் துரத்தி வர, அவர் இந்தக் காட்டுக்குள் ஓடிவந்து பாறைச் சரிவில் ஒளிந்துகொண்டார். தொப்பியைக் கழற்றி, அதில் ஒரு கல்லை வைத்து ஆற்றில் வீசினார் என்கிறது கதை. சத்தம் கேட்டு ஓடிவந்தவர்கள் தண்ணீரில் தொப்பியைப் பார்த்து, ஆள் மூழ்கிவிட்டார் என்று திரும்பிப் போய்விட்டார்கள். அவர் இன்றைய பிரான்சில் உள்ள பிரிட்டனிக்குத் தப்பிப் போய், ரிச்சர்ட் மன்னரின் அரியணைக்குப் போட்டியிட்ட ஹென்றி டியூடருடன் சேர்ந்தார். 1485இல் பாஸ்வொர்த் போரில் ஹென்றி வென்று அரசரானதும் சர் பட்டத்தோடு ஊர் திரும்பினார். உயிர் பிழைத்த அதே பாறையில் நன்றிக்காக இந்தச் சிற்றாலயத்தைக் கட்டினார். பின்னால் பொட்ரிகனைத் துரத்தும் முறை இவருக்கு வந்தது. பொட்ரிகன் மெவகிசி அருகே கடற்பாறையிலிருந்து படகுக்குக் குதித்துத் தப்பினாராம். அவருடைய நிலங்கள் எட்ஜ்கம் கைக்கு வந்தன.

காட்டைத் தாண்டினால் மாளிகை. கிரானைட்டும் சாம்பல் நிறக் கற்பலகையும் அடுக்கிய சுவர்கள், வெளிப்பக்கம் மிகச் சிறிய ஜன்னல்கள். வாயில் வளைவைக் கடந்து முற்றத்துக்குள் நின்ற பிறகுதான் பெரிய ஜன்னல்கள் கண்ணில் படுகின்றன. கலகமும் பழிவாங்கலும் நடந்த காலத்து மனிதர்கள் வெளியே முதுகைக் காட்டி, உள்ளே முகத்தைத் திருப்பிக் கட்டிய வீடு. ரிச்சர்ட் தொடங்கிய வேலையை மகன் பியர்ஸ் முடித்தார். பெருங்கூடத்தின் மரக்கூரையை அண்ணாந்து பார்த்தபடி நான் வெகுநேரம் நின்றேன். வளைந்த மரத்தாங்கல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப்போகின்றன. சுண்ணாம்புச் சுவர் நெடுக வாளும் கவசமும். மற்ற அறைகளில் படம் நெய்த 17ஆம் நூற்றாண்டுத் திரைச்சீலைகளைச் சுவர் அளவுக்கு வெட்டி மாட்டியிருக்கிறார்கள். இந்த அறைகளில் மின்விளக்கு கிடையாது. வெயில் உள்ள நாளாகப் பார்த்துப் போங்கள்.

மாடியில் தெற்கு அறையின் சுவரில் இரண்டு ஒளிவுத் துளைகள் உண்டு. ஒன்றில் எட்டிப் பார்த்தால் பெருங்கூடம், இன்னொன்றில் வீட்டுக்குள்ளேயே இருக்கும் சிற்றாலயம்.

அந்த உள் சிற்றாலயத்தில்தான் நான் தேடி வந்த பொருள் இருக்கிறது. சுவரில் ஒரு குறுகலான மாடம், அதற்குள் இரும்புச் சட்டத்தில் ஒரு கடிகாரம். முள் கிடையாது, எண் பலகை கிடையாது. மணிக்கொரு தடவை மேலே கூரையில் இருக்கும் மணியை அடிப்பது மட்டுமே வேலை. உச்சியில் கிடையாக ஒரு தண்டு இப்படியும் அப்படியும் திரும்பிக்கொண்டிருக்கிறது. கீழே தொங்கும் எடைகள் இறங்கும் வேகத்தைத் தடுத்துத் தடுத்து விடுவது அந்தத் தண்டுதான். ஊசல் வைத்த கடிகாரத்தை டச்சு அறிஞர் ஹாய்கன்ஸ் உருவாக்கியது 1656இல். அதன் பிறகு ஐரோப்பாவின் பழைய கோபுரக் கடிகாரங்கள் பெரும்பாலானவற்றுக்கு ஊசல் மாட்டிவிட்டார்கள். இதற்கு மாட்டவில்லை. 500 ஆண்டுகளாக அதே இடத்தில், அதே பழைய முறையில் நிற்கிறது. டக்... டக்... என்று அந்தத் தண்டு திரும்பும் ஓசை எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

இந்தக் கடிகாரம் மட்டும் மாறாமல் எப்படித் தப்பியது? குடும்பம் இந்த வீட்டை விட்டுப் போனதுதான் காரணம் என்று நினைக்கிறேன். 1550களில் எட்ஜ்கம் குடும்பம் பிளிமத் துறைமுகத்துக்கு எதிரே மவுண்ட் எட்ஜ்கம் என்ற புது மாளிகை கட்டிக் குடிபோனது. கொட்டீல் இரண்டாவது வீடாகிவிட்டது. 1627இல் ஒரு கோபுரம், 1862இல் கிழக்குப் பக்கம் கொஞ்சம் மாற்றம், அவ்வளவுதான். இடித்துப் புதுப்பிக்க யாருக்கும் தேவை வரவில்லை. 1789இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் வந்தபோதே இது பழமைக்காகப் பார்க்கப்பட்ட வீடு. குடும்பம் விரும்பிப் போன மவுண்ட் எட்ஜ்கம்மோ 1941இல் ஜெர்மானியக் குண்டுவீச்சில் உள்ளே முழுக்க எரிந்து போயிற்று. பிறகு அதை மீண்டும் கட்டினார்கள். கொட்டீல் 1947இல் வாரிசு வரிக்கு ஈடாக அரசுக்குப் போய், அங்கிருந்து பழைய மாளிகைகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் வசம் வந்தது. அந்த வழியில் அவர்களிடம் வந்த முதல் மாளிகை இதுதான்.

மாலை ரயிலுக்காக அதே காட்டுவழியில் திரும்பினேன். பாறைச் சிற்றாலயத்தில் கொஞ்சம் உட்கார்ந்தேன். காலையில் நிறைந்திருந்த ஆறு இப்போது வற்றி, இரண்டு கரையிலும் சேறு பளபளத்தது. இந்த வேளையில் வீசியிருந்தால் தொப்பி சேற்றில் விழுந்திருக்கும். ரிச்சர்ட் ஓடிவந்த அந்த நாளில் கடலேற்றம் இருந்திருக்க வேண்டும்.