யார்க்: கேட் என்றால் தெரு, பார் என்றால் வாசல்

"ஸ்டோன்கேட்ல நில்லுங்க மாமா, பத்து நிமிஷத்துல வந்துடறேன்" என்று போனில் சொன்னான் அக்கா மகன். இங்கிலாந்தின் யார்க்கில் படிக்கிறான். நான் கல் வாசல் ஒன்றைத் தேடி, கால் மணி நேரம் ஒரே தெருவில் மேலும் கீழும் நடந்தேன். வந்தவன் விழுந்து விழுந்து சிரித்தான். "நீங்க நடந்துக்கிட்டிருக்கிற தெருவுக்குப் பேரே ஸ்டோன்கேட்தான் மாமா."

866-ல் இந்த ஊரைப் பிடித்த வைக்கிங்குகளின் மொழியில் 'காட்டா' என்றால் தெரு. அவர்கள் ஆட்சி போய் ஆயிரம் வருஷத்துக்கு மேலாகியும் தெருப்பெயர்களில் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சரி, அப்போது வாசலுக்கு என்ன பெயர்? பார். பூத்தம் பார், மங்க் பார், வால்ம்கேட் பார். லண்டனிலிருந்து வருகிறவர்களுக்கு மிக்கிள்கேட் பார்தான் முகவாசல். 1460-ல் போரில் இறந்த யார்க் கோமகன் ரிச்சர்டின் தலையை அதன் மேல்தான் குத்தி வைத்தார்கள்.

ஊரைச் சுற்றியிருக்கும் பழைய மதில் மேல் நடக்கக் காசு கிடையாது. சுமார் மூன்றரை கிலோமீட்டர். வெளிப்பக்கம் சுவர் உண்டு. ஊர்ப்பக்கம் பல இடங்களில் கைப்பிடிகூட இல்லை. எதிரே ஆள் வந்தால் வயிற்றை எக்கிக்கொண்டு வழிவிட வேண்டும்.

ஷாம்பிள்ஸ் பழைய கறிக்கடைத் தெரு. இன்று மந்திரக்கோலும் இனிப்பும் விற்கிறார்கள், நிற்க இடமில்லாத கூட்டம். ஆனால் கடை வாசல்களில் இறைச்சி தொங்கவிட்ட இரும்புக் கொக்கிகள் இன்னும் இருக்கின்றன. ஜன்னலடியில் கறி பரப்பிவைத்த அகலப் பலகைகள்கூட உண்டு. மரச்சட்ட வீடுகளின் மேல்மாடிகள் தெருவுக்குள் நீண்டு, எதிர்வீட்டைத் தொட்டுவிடும்போலச் சாய்ந்து நிற்கின்றன. அந்த நிழலில்தான் கறி வெயில்படாமல் இருந்தது.

மின்ஸ்டர் பேராலயத்துக்கு டிக்கெட் விலை அதிகம்தான். கிழக்குப் பெருஞ்சாளரத்தைப் பார்த்ததும் அந்த வருத்தம் போய்விட்டது. டென்னிஸ் மைதானம் அளவுக்கு வண்ணக் கண்ணாடி. உலகம் தோன்றியது முதல் முடிவது வரை அதில் இருக்கிறது. ஜான் தார்ன்டன் என்பவர் 1405-ல் தொடங்கி 1408-ல் முடித்தார். ஒப்பந்தக் கூலி 56 பவுண்ட்.

அப்புறம் கிளிஃபர்ட் கோபுரம். மண்மேட்டின் சரிவு முழுக்க மஞ்சள் டாஃபடில் பூக்கள். ஆளுக்கு ஆள் செல்ஃபி. மேட்டின் அடியில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது; நான் நின்றிருந்த நேரத்தில் அதை யாரும் குனிந்து பார்க்கவில்லை.

1190 மார்ச்சில் யார்க்கின் யூதர்கள், சுமார் 150 பேர், ஊர்க்கும்பலுக்குப் பயந்து இங்கிருந்த மரக்கோபுரத்துக்குள் ஒளிந்தார்கள். வெளியே முற்றுகை. கும்பலை முன்னின்று தூண்டியவர்களில் யூதர்களிடம் கடன்பட்ட பிரபுக்களும் உண்டு. தப்ப வழியில்லை என்றானதும் பெரும்பாலோர் கும்பலின் கையில் சிக்குவதைவிடச் சாவதே மேல் என்று முடிவெடுத்தார்கள். ஆண்கள் தங்கள் மனைவி மக்களைக் கொன்று தாங்களும் மாண்டார்கள். கோபுரமும் எரிந்தது. மதம் மாறுகிறோம் என்று உயிர்ப்பிச்சை கேட்டு வெளியே வந்த சிலரையும் வெட்டிப்போட்டார்கள். இப்போது நிற்கும் கல்கோபுரம் அடுத்த நூற்றாண்டில் கட்டியது.

அதோடு முடியவில்லை. கும்பல் நேராக மின்ஸ்டருக்குப் போனது. இன்றைய கட்டடம் அல்ல, அதற்கு முன் அதே இடத்தில் இருந்தது. யூதர்களிடம் கடன் வாங்கியதற்கான பத்திரங்கள் அங்கேதான் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தன. அத்தனையையும் எடுத்து, ஆலயத்துக்குள்ளேயே போட்டுக் கொளுத்தினார்கள். மதவெறி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. கணக்குத் தெளிவாகத் தெரிந்தவர்கள் செய்த வேலை இது.

"மேல ஏறலாமா மாமா?" என்றான். ஏறினோம். உச்சியிலிருந்து பார்த்தால் ஓட்டுக் கூரைகளுக்கு மேலே மின்ஸ்டர் பளிச்சென்று தெரிகிறது. நடந்தே போய்விடலாம், பத்துப் பன்னிரண்டு நிமிஷம்தான் ஆகும்.